பாத்ரூம் கதவை உள்பக்கம் திருப்பினேன்

பிள்ளைகள் வெளியூர் போனதும், பெரிய வீட்டை விட்டுக் கடத்தூரிலேயே ஒரு படுக்கையறை வீட்டுக்கு மாறினோம். பாத்ரூம் கதவு வெளியே திறந்து ஃபிரிட்ஜ் வைக்கும் இடத்தில் இடித்தது. முப்பது வருடம் கதவுக் கடை நடத்தியவன் நான். "உள்பக்கம் திறக்கிற மாதிரி மாத்திட்டா தீந்துச்சு" என்று மாற்றியும் விட்டேன்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, பாத்ரூமில் தொப்பென்று சத்தம். ஓடிப்போய்த் தள்ளினேன். தாழ்ப்பாள் போடாத கதவு நாலு விரல் அளவுதான் திறந்தது. என் மனைவி ஜரீனா கதவை அடைத்தபடி விழுந்து கிடந்தாள். தள்ளினால் அவள்மேல் இடிக்கும். கழற்றலாம் என்றால் கீல்களும் உள்ளேதான், நானே வைத்தவை. இடுக்கில் வாயை வைத்து, "ஜரீனா, ஜரீனா" என்று கத்தினேன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. "தள்ளாதீங்க, காலு மாட்டிக்கிச்சு" என்று முனகினாள். போன உயிர் வந்தது எனக்கு. "மெல்ல மடக்கும்மா" என்றேன். கொஞ்சம் கொஞ்சமாகக் காலை மடக்கினாள்; கதவு திறந்தது. மணிக்கட்டு முறிவோடு தப்பித்தாள்.

மறுநாளே கதவைப் பழையபடி வெளியே திறக்க வைத்தேன். சின்ன வீடு தேடுகிறவர்களிடம் பாத்ரூம் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்றுதான் முதலில் பார்க்கச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் அது தினமும் ஃபிரிட்ஜில் இடிக்கிறது. இடிக்கட்டும்.