அம்மா பெயர் மாற்றிச் சொல்லாத சாட்சி

எங்கள் அம்மா பள்ளங்கி என்ற மலைக்கிராமத்தில், பூண்டும் கேரட்டும் பயிரிட்ட குடும்பத்தில் மூன்றாவது மகளாகப் பிறந்தார்கள். ஞானஸ்நானப் பதிவில் ஒரு பிறந்தநாள், பள்ளிச் சான்றிதழில் இன்னொன்று. பூண்டுக்குக் களையெடுத்த வாரம் என்று தாத்தா சொன்னதோடு முதலாவதுதான் பொருந்துகிறது. அதையே இந்த நினைவு மலரின் அட்டையில் போட்டிருக்கிறேன்.

நாயுடுபுரத்தில் தையல்கடை வைத்திருந்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டார்கள். நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அதன்பின் ஒரு பள்ளி விடுதியின் சமையற்கட்டில் வேலை செய்து என்னையும் தங்கையையும் அம்மா வளர்த்தார்கள். தங்கைக்கு இரண்டாம் வகுப்பிலேயே சர்க்கரை நோய் வந்தது. அன்றுமுதல் தினமும் ஊசி.

விசுவாசத்தில் அம்மா கண்டிப்பானவர்கள். படைத்த பண்டம் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டாது. பக்கத்து வீட்டு அத்தை இதை அறிந்து, பொங்கலன்று சாமிக்கு முன் வைப்பதற்கு முன்னாலேயே எங்களுக்கென்று ஒரு கிண்ணத்தில் எடுத்துவைத்துக் கொடுப்பார்கள். அதை மட்டும் சாப்பிடுவோம்.

தங்கை நான்காம் வகுப்பு படித்தபோது அவளைப் பழனியில் ஒரு மருத்துவரிடம் காட்டிவிட்டு மூவரும் பேருந்தில் திரும்பினோம். சித்தப்பா அதை மார்கழி என்பார்கள். கார்த்திகைதான், அன்று மண்சரிவில் அடைபட்ட பாதை மார்கழி பிறக்கும் முன்பே சரிசெய்யப்பட்டுவிட்டது. மலை ஏறும் வழியில் மண் சரிந்து பேருந்து நின்றது. முன்னும் போக முடியவில்லை, பின்னும் போக முடியவில்லை. தங்கைக்குக் காலையிலேயே ஊசி போட்டாயிற்று. கொண்டுவந்த பிஸ்கட்டும் கற்கண்டும் தீர்ந்துபோயின. ஊசி போட்ட உடம்பில் சர்க்கரை இறங்கினால் உடனே இனிப்பு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

பக்கத்து இருக்கையில், பழனியில் சாமி கும்பிட்டுவிட்டு வந்த ஒரு பெண் இருந்தார். மடியில் பஞ்சாமிர்த டப்பா.

“இந்தாங்கக்கா, புள்ளைக்கு ஒரு வாய் குடுங்க.”

“வேணாம்மா. நாங்க வேதக்காரங்க. படைச்சது சாப்பிடமாட்டோம்.”

அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. “அதுக்கென்னக்கா” என்று டப்பாவை மூடிக்கொண்டார். அம்மா எழுந்து பேருந்து முழுவதும் கேட்டுப் பார்த்தார்கள். யாரிடமும் இனிப்பாக எதுவும் மிச்சமில்லை. தங்கைக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. என்னைப் பார்த்து அப்பா என்று கூப்பிட்டாள். அம்மா கண்ணை மூடி, “ஆண்டவரே, எம்புள்ளைக்கு ஒரு வழி காட்டும்” என்று வாய்விட்டு ஜெபித்தார்கள்.

கண்ணைத் திறந்தபோது எதிரில் இருந்தது அதே டப்பா.

அந்தப் பெண் டப்பாவை மறுபடி திறந்து நீட்டிக்கொண்டிருந்தார். “படைச்சதுதான் தடைன்னா, படைக்கலன்னு சொல்லிடுறேன். பொய் சொன்ன பாவம் எனக்கு. முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன். வெரசா குடுங்கக்கா!”

“பொய் வேணாம்மா. குடு.”

அம்மா விரலால் எடுத்து ஊட்டினார்கள். சற்று நேரத்தில் தங்கை என்னை அண்ணா என்று அழைத்து, இன்னும் வேண்டும் என்றாள். அந்தப் பெண், “கொரங்குக்குட்டிக்கு ருசி பிடிச்சிருச்சு” என்று சிரித்தார். விரலில் ஒட்டியிருந்ததை அம்மா தன் வாயில் வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு சபையில், ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து சொல்லும் சாட்சி நேரம். அம்மா எழுந்து நடந்ததை நடந்தபடி சொன்னார்கள். ஒரு மூப்பர் குறுக்கிட்டார்.

“ஒரு இனிப்பு கெடைச்சதுன்னு சொன்னா போதும்லம்மா?”

“ஆண்டவர் குடுத்ததுக்கு நான் எப்படிங்கய்யா வேற பேரு வைக்கிறது? அது பழனி பஞ்சாமிர்தம்.”

“பிசாசும் இனிப்பு குடுக்கும்.”

“எம்புள்ளையப் பொழைக்கவைக்கிற பிசாசு எந்த ஊருப் பிசாசுங்கய்யா?”

பெண்கள் பக்கம் சிரிப்பொலி எழுந்தது. அதைத்தான் மூப்பர்களால் மன்னிக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்கும்வரை பெண்கள் கூட்டத்தில் ஜெபம் நடத்தக் கூடாது என்றார்கள். அந்த ஜெபம் அம்மாவின் உயிர். ஆனாலும் கேட்கவில்லை. சபையை விட்டுப் போகவுமில்லை. ஒவ்வோர் அறுப்பின் பண்டிகையிலும் சாட்சி சொல்ல எழுவார்கள். உடனே யாராவது பாட்டைத் தொடங்குவார்கள். பாட்டு முடியும்வரை நின்றுவிட்டு உட்காருவார்கள். தள்ளாத வயதில் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டும் நின்றார்கள்.

அம்மா முருகனைக் கும்பிட்டவர்கள் அல்லர். இயேசுவின் நாமத்தைத் தவிர வேறு நாமத்தில் ஜெபித்ததில்லை. “நான் கேட்டது அவர்கிட்ட. எந்தக் கையால குடுக்கணும்னு அவருக்கு நான் சொல்லித்தரணுமா?” என்பார்கள். சமயங்களைப் பற்றி நான் வாசித்த நூல்கள் அலமாரி நிறைய உள்ளன. இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன நூல் அவற்றில் இல்லை. வேலி கட்டியவர்கள் நாம். அது அவரையும் தடுக்கும் என்று நம்பியதுதான் நம் மூடத்தனம்.

சிறுநீரகம் பழுதுபட்டுப் படுத்திருந்த கடைசி மாதங்களிலும் அம்மா மன்னிப்புக் கேட்கவில்லை. போன ஆண்டு, தங்கையின் மடியில், அமைதியாகக் கண்மூடினார்கள்.

அம்மாவைச் சுமந்த தோள்களுக்கும், குழி வெட்டிய இளைஞர்களுக்கும், மூன்று நாள் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், உறங்காமல் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும் எங்கள் நன்றி. அடக்க ஆராதனையை நடத்திய சபைக்கும் நன்றி. அதன் மூப்பர்கள் இக்கட்டுரையை அச்சுக்கு முன் வாங்கிப் படித்து, “ஒரு இனிப்பு” என்று திருத்தித் தந்தார்கள். திருத்தத்தை நான் ஏற்கவில்லை. இந்தப் பக்கம் தங்கள் வீட்டில் இருக்கக் கூடாது என்று நினைப்பவர்கள் தாராளமாகக் கிழித்துக்கொள்ளலாம். இதன் பின்பக்கத்தில் அம்மாவின் படத்தை அச்சிடச் சொல்லியிருக்கிறேன்.