எல்லாத்துக்கும் ஒரே அவசரம்

ஈப்போவில் நான் வேலை பார்க்கும் கையுறைத் தொழிற்சாலையில், அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்து பேக்கிங் மெஷின் நின்று நின்று ஓடியது. நிற்கும்போதெல்லாம் பேக்கிங் அக்கா என்னைத்தான் பார்த்தார். பெட்டிகள் குறைந்தால் ஞாயிறும் வேலை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். ஞாயிறன்று சிலிம் ரிவர் பக்கம், அக்கா பிறந்த தோட்டத்தில் திருவிழா. ரப்பர் மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்த பிறகும் கோயில் இருக்கிறது. மகன் ஆபரேஷனில் பிழைத்ததற்கு அக்கா பால்குடம் நேர்ந்திருந்தார்.

"தம்பி, நாளைக்கு நான் போலாமா, இல்ல அம்மன இங்க வரச் சொல்லவா?"

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்க்கா."

"காலையிலேர்ந்து அதத்தான் லா பாக்குற!"

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். 'கம்ப்யூட்டர்ல மெஷின ஓட்டுறான்' என்று நாங்கள் இருக்கும் சிலிபின் முழுக்க அம்மா சொல்லி வைத்திருக்கிறார். அன்று ஓடவில்லை.

கையுறை வார்க்கும் லைனை ஓட்ட ஒரு கண்ட்ரோலர் கம்ப்யூட்டர், பேக்கிங்கை ஓட்ட ஒன்று. லைன் தன் வேகத்தையும் ரப்பர் பால் தொட்டியின் சூட்டையும் பேக்கிங்குக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். எதை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை சொல்வது என்று நாம்தான் வைக்க வேண்டும். என்னோடு வேலை செய்யும் மச்சான் முந்தைய நாள்தான் அதை வைத்திருந்தான். திறந்து பார்த்தேன். எல்லாமே கண் மூடித் திறப்பதற்குள் பலமுறை.

"ஏன் மச்சான், தொட்டிச் சூடு அதுக்குள்ள மாறிடுமா?"

"சீக்கிரம் சொன்னா நல்லதுதானே லா. பாரபட்சம் பாக்கல."

அவன் அப்படித்தான். டீ வாங்கப் போனால் கேட்காதவர்களுக்கும் வாங்கி வருவான். அந்தத் தாராளத்தில் நெட்வொர்க் திணறியது. ஒரு செய்தி தாமதமானாலும், எதிர்ப்பக்கம் ஆளே இல்லை என்று பேக்கிங் கண்ட்ரோலர் மெஷினை நிறுத்திவிடும்.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். லைன் வேகத்தையும் அவசர நிறுத்தத்தையும் தொடவில்லை. தொட்டிச் சூடு இனி நொடிக்கு ஒருமுறை போதும். பேக்கிங் திருப்பிச் சொல்லும் பெட்டி எண்ணிக்கை இன்னும் மெதுவாக. ஆனால் மாற்றியதைக் கண்ட்ரோலரில் ஏற்ற, ஓடுகிற லைனை நிறுத்தியாக வேண்டும். அக்காவிடம் கேட்கத் தயக்கமாக இருந்தது.

"நிறுத்து லா. அதுவா நிக்கிறதுக்கு நீ நிறுத்துறது மேல்."

நிறுத்தினோம், ஏற்றினோம். பிறகு அது நிற்கவே இல்லை. மச்சான் மெஷின் பக்கத்திலேயே, நடை பழகும் பிள்ளையைப் பார்ப்பதுபோல் நின்றான்.

ஷிப்டு முடியும்போது, நாளைக்கு யாரும் வர வேண்டாம் என்றார் சூப்பர்வைசர். அக்கா அதற்குள் வீட்டிலிருக்கும் மகனுக்குப் போன் போட்டுவிட்டார்.

"ஐயா, குடத்த எடுத்து வெளக்கி வை, வாரேன். ஏய், நீ குனியாத! தங்கச்சிய வெளக்கச் சொல்லு."