பச்சைத் தண்ணீர்ச் சத்தியம்

என் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சண்டை வந்த கிணற்றில் இப்போது தண்ணீர் இல்லை. உள்ளே சீமைக்கருவேலம் முளைத்து வெளியே தலைநீட்டிக்கொண்டு நிற்கிறது. மோட்டாரைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டது. ஆனால் அந்த மோட்டாரை யார் எந்தக் கிழமை போடுவது என்று ஆரம்பித்த சண்டை மட்டும் பதினோரு வருஷமாக வற்றவில்லை.

அன்றைக்கு அப்பா கிணற்று மேட்டில் நின்றுகொண்டு, "ஒங் கையால பச்சத்தண்ணி வாங்கிக் குடிச்சா நான் எங்கப்பனுக்குப் பெறக்கலடா" என்று ஊர் கேட்கச் சத்தியம் செய்தார். கூடப் பிறந்த தம்பியிடம் போய் இப்படிச் சொல்கிறோமே என்று அவருக்கும் தோன்றவில்லை, கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பாவுக்கும் தோன்றவில்லை. இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். ஒருவர் தும்மினால் மற்றவருக்குக் கேட்கும். பதினோரு வருஷம் தும்மலைக் கேட்டுக்கொண்டே பேசாமல் இருந்தார்கள்.

எனக்கு அதனால் பெரிய தொந்தரவு இல்லை. நான் அருப்புக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டு, வீட்டுக்காரரோடு பாத்திரக் கடையைப் பார்த்துக்கொண்டு என் பாட்டுக்கு இருந்தேன். இந்த வைகாசியில் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும்தான் வினை வந்தது. பரளச்சிக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்குப் போய்ச் சித்தப்பாவிடம் பத்திரிகையை நீட்டினேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர், "வாரேன் தாயி. ஆனா மொதல்ல அந்தச் சத்தியத்த முறிக்கச் சொல்லு. சத்தியம் கெடக்கையில ரெண்டு பேரும் ஒரே பந்தலுக்குள்ள நின்னா பிள்ளைக்கு ஆகாது" என்றார்.

மாப்பிள்ளை வீட்டில் ஏற்கெனவே, பெண்ணின் சின்னத் தாத்தா ஏன் நிச்சயத்துக்கு வரவில்லை என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

எங்கள் பக்கம் சத்தியத்தை வாயால் திரும்ப வாங்க முடியாது. தண்ணீரை வைத்துச் செய்த சத்தியத்தைத் தண்ணீரில்தான் முறிக்க வேண்டும். அதற்குக் கண்மாயோ ஊருணியோ செல்லாது. திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரப் பாறைக்கு நடுவில் நல்ல தண்ணீர் ஊறும் சுனை ஒன்று இருக்கிறது. அங்கேதான் போக வேண்டும். இரண்டு பேரும் கடலில் மூன்று முழுக்குப் போட்டு, துவட்டாமல் வந்து, சத்தியம் செய்தவர் சுனைத் தண்ணீரை மற்றவர் கையால் மூன்று முறை வாங்கிக் குடித்தால் முடிந்தது. அதற்கப்புறம் ஊரில் எவனும் பழசைக் கிளறக் கூடாது. இதைக் கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

காருக்குச் சொல்லி விடியற்காலையில் கிளம்பினோம். அப்பா முன் சீட்டில். சித்தப்பா பின் சீட்டில் என் பக்கத்தில். ஏசி குளிர்கிறது என்று அப்பா கண்ணாடியை இறக்கச் சொன்னார். காற்று காதில் அடிக்கிறது என்று சித்தப்பா ஏற்றச் சொன்னார். இரண்டு பேரும் டிரைவரிடம்தான் சொன்னார்கள். எட்டயபுரத்தில் டீக்கு நிறுத்தினால், அப்பா இறங்கிய கடையில் சித்தப்பா இறங்க மாட்டாராம். எதிர்ச்சாரியில் இருந்த கடைக்கு ரோட்டைத் தாண்டிப் போனார். ரோட்டு நடுவில் லாரிக்காரன் திட்டியது எனக்கும் சேர்த்துத்தான்.

எட்டரை மணிக்குக் கடற்கரையில் போய் இறங்கும்போதே வெயில் ஏறிவிட்டது. மணலைத் தாண்டினால் பழுப்புப் பாறை, அதில் முழுக்கக் குழி. குழிக்குக் குழி பாசி. முழுகியவர்கள் கழற்றிவிட்டுப் போன வேட்டி, சேலை, ஷாம்பு பாக்கெட் எல்லாம் பாறை இடுக்கில் சிக்கிக் கிடந்தன. சாமி என்று பார்த்தால் மஞ்சள் பூசிய ஒரு கல்லும், அதன்மேல் சாய்ந்து நின்ற ஒரு வேலும்தான். அதற்குக் கீழே, ஒரு அண்டா அளவுக் குழியில் சுனை. கடல் அலை பத்தடியில் அடிக்கிறது, இந்தக் குழிக்குள் மட்டும் தண்ணீர் கலங்காமல் தரை தெரிய நிற்கிறது. நான் கை கூப்பினேன். எரிச்சலையும் மீறி எனக்கு மயிர் கூச்செறிந்தது உண்மை.

பூசாரி எங்களைப் பார்த்ததும் அவசரப்படுத்தினார். "சீக்கிரம் முங்கிட்டு வாங்க. கடல் ஏறிட்டா சுனைக்குள்ள உப்புத்தண்ணி வந்துரும். பெறகு நாளைக்குத்தான்."

முழுகும்போதே பாதி உயிர் எனக்குப் போய்விட்டது. எழுபது வயதைத் தாண்டிய இரண்டு பேர், நீச்சல் தெரியாதவர்கள், பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்ளலாம். இருபதடி தள்ளித் தள்ளி நின்றார்கள். நான் நடுவில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை நீட்டிக்கொண்டு நின்றேன். எவரும் என் கையைப் பிடிக்கவில்லை. ஒரு அலை வந்து என்னைத்தான் உட்கார வைத்தது.

நனைந்துபோய் மூன்று பேரும் சுனைக்கு வந்தோம். இனி ஐந்து நிமிஷ வேலை என்று நினைத்தேன். யார் முதலில் கையை நீட்டுவது என்று ஆரம்பித்தார்கள்.

"நான் மூத்தவன். அவன் அள்ளிக் குடுக்கட்டும், குடிக்கேன்" என்றார் அப்பா, கடலைப் பார்த்துக்கொண்டு.

"சத்தியம் பண்ணுனது அவுகதான. அவுகதான் கைய நீட்டிக் கேக்கணும். கேக்காம நான் எப்பிடிக் குடுக்க?" என்றார் சித்தப்பா, கல்மேல் சாய்ந்த வேலின் பக்கம் பார்த்துக்கொண்டு.

"கேக்கணுமாம்ல. அந்தச் செவ்வாக்கெழம கரண்டு எத்தன மணிக்கு வந்துச்சுன்னு மொதல்ல அவங்கிட்டக் கேளு."

"எத்தன மணிக்கு வந்தா என்ன? செவ்வாக்கெழம எம் மொற."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நூற்று முப்பது கிலோமீட்டர் தாண்டி, கடலுக்கு முன்னால் நின்றுகொண்டு, செத்துப்போன ஒரு மோட்டாரை மறுபடியும் போட்டு ஓடவிட்டார்கள். பூசாரி இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. எங்கள் ஊரில் தண்ணீர் இறங்கித்தான் பார்த்திருக்கிறோம். கண்மாயில் தை மாசம் இருந்தது மாசியில் இருக்காது, அவ்வளவுதான் தெரியும். நிற்கிற இடத்துக்குத் தண்ணீர் தானாக ஏறி வரும் என்கிற விவரமே எங்களுக்குக் கிடையாது. கணுக்கால் நனைந்த பிறகுதான் நான் குனிந்து பார்த்தேன். ஒரு அலை நுரையோடு வந்து பாறை விளிம்பில் வழிந்து, சுனைக்குள் கொஞ்சம் விழுந்தது.

அதோடு என் பொறுமை போய்விட்டது.

"ஒங்க ரெண்டு பேருக்கும் வெக்கமே இல்லயா?" என்று கத்தினேன். "எம் மக கல்யாணத்த விட ஒங்க வீம்பு பெருசாப் போச்சா? ஒரு வாய்த் தண்ணியக் குடுத்து வாங்கிக் குடிக்க இத்தன பாடா? அப்பிடி என்னதான் இருக்கு அந்த ஒரு வாய்த் தண்ணியில?"

சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் குரலில் கோபமே இல்லை.

"ஒங்க சித்தி விசேசத்தன்னைக்கு இலையில ஒக்காந்துட்டு எந்திரிச்சுப் போனியே தாயி. அவுகளாவது சத்தியம் பண்ணுனவுக. நீ என்ன சத்தியம் பண்ணுன?"

சித்தி செத்து ஐந்து வருஷம் ஆகிறது. அம்மா காட்டு வேலைக்குப் போன நாளெல்லாம் எனக்குத் தலை பின்னிவிட்டு, தூக்குச்சட்டியில் சோறு வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது சித்திதான். அப்பா பாடைக்குத் தோள் கொடுத்தார். பதினாறாம் நாள் விசேஷத்துக்கும் வந்து, முறைக்கு நின்றுவிட்டு, கை நனைக்காமல் வாசலுக்குப் போய்விட்டார். நான் பந்தியில் உட்கார்ந்துவிட்டேன். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோறு வைத்துவிட்டார்கள். அப்பா வெளியே நின்ற வண்டிக்குள் கையை விட்டு ஆரன் அடித்தார். இரண்டாவது முறை அடித்ததும் நான் எழுந்து போய்விட்டேன். அப்பாவோடு எதற்கு வம்பு என்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை. அதற்கப்புறம் அது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை என்பதுதான் அசிங்கம். பத்திரிகை கொடுக்கப் போன அன்றுகூட, அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, இந்த ஆள் ஏன் இவ்வளவு பிகு பண்ணுகிறார் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான் பாறையில் முழங்கால் போட்டு இரண்டு கையையும் சேர்த்து நீட்டினேன். "குடுங்க சித்தப்பா" என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு குனிந்து சுனையில் அள்ளி ஊற்றினார்.

"கடல் கலந்துருச்சும்மா. இது சேத்தியில்ல, நாளைக்கு வாங்க" என்றார் பூசாரி.

கரித்தது. குடித்தேன். இரண்டாவது முறையும் அள்ளி ஊற்றினார். மூன்றாவது முறை ஊற்றும்போது, "நீ எந்திரிச்ச எலைய எடுக்க ஒருத்தருக்கும் மனசு வரல தாயி. நாந்தான் எடுத்தேன்" என்றார்.

அதைக் கேட்டபிறகு அந்தத் தண்ணீரை விழுங்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

அப்பாவும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். என் தோளைத் தொட்டு ஒதுக்கிவிட்டு, மூட்டு வலிக்காரர், பாறையைப் பிடித்துப் பிடித்து இறங்கி என் பக்கத்தில் முழங்கால் போட்டார். மூத்தவர் கையை நீட்டினார். சித்தப்பா ஊற்ற, உப்புத் தண்ணீரை மூன்று முறையும் வாங்கிக் குடித்தார்.