துரைசானி செத்துப்போன செய்தியும் ஒரு தட்டு இங்கிலீஷ் டிபனும்

வியாழக்கிழமை, காலை 5.40. திருக்கோவிலூரிலிருந்து கள்ளக்குறிச்சி வண்டி புறப்பட்டபோது என் மடியில் ஒரு வயர் கூடை இருந்தது. அதில், மலையில் கிடைக்காதென்று எடுத்துக்கொண்ட ஒரு பெரிய ரொட்டி, புதுச்சேரியில் இருபத்தாறு ரூபாய்க்கு வாங்கிய பீன்ஸ் டின் ஒன்று, தட்டச்சு செய்த ஒரு தாள். கூடைக்கு மேல் என் பயம் ஏறி உட்கார்ந்திருந்தது. கண்டக்டர் அதற்கு டிக்கெட் கேட்கவில்லை. எனக்கு மட்டும் நான்கு ரூபாய்.

பயத்துக்குக் காரணம் என் மெஸ்ஸின் போர்டு. ‘ஆங்கில உணவு நிபுணர்’ என்று சிவப்பு எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறேன். சென்னையில், வெள்ளைக்காரர்கள் கொஞ்சம் மிச்சமிருந்த ஒரு கிளப்பில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவன் நான். அது உண்மை. அங்கே தட்டு தூக்கினேன் என்பதும் உண்மை. அடுப்புப் பக்கம் என்னை விட்டதே இல்லை என்பதை எழுதத்தான் போர்டில் இடம் போதவில்லை.

அந்தப் போர்டை ஓர் அதிகாரி படித்துவிட்டார். கல்வராயன் மலையில், கரியாலூர்ப் பக்கம், ஒரு தங்கும் விடுதி இருந்தது. எந்த இலாகாவுடையது என்று சொல்ல மாட்டேன். நான் இன்னும் பிழைத்தாக வேண்டும். செடிகளைப் படம் வரைய வந்த ஓர் ஆங்கிலேய அம்மாள் ஒரு மாதமாக அங்கே தங்கியிருந்தார். சமைத்துப் போட்டவள் சின்னப்பொண்ணு, மலைக்காரப் பெண், தினக்கூலி. வெள்ளைக்கார அம்மாவுக்கு அவள் காலையில் ஆட்டு ரத்தம் போடுகிறாள் என்று அதிகாரியின் காதுக்குப் போயிருக்கிறது.

என்னைக் கூப்பிட்டு, அவள் சமையலைப் போய்ப் பார்த்து வரச் சொல்லி, தட்டச்சு செய்த ஒரு பட்டியலைக் கொடுத்தார். முட்டை, பன்றி இறைச்சி, சாசேஜ், தக்காளி, காளான், பீன்ஸ், பொரித்த ரொட்டி, டீ.

“அசல் இங்கிலீஷ் பிரேக்ஃபாஸ்ட்னா இந்த எட்டும் இருக்கணும். ஒண்ணு கம்மியா இருந்தாலும் எழுதிக் குடு. வேற ஆள் போட்டுக்கலாம்.”

வேற ஆள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வராந்தாவிலேயே நின்றுகொண்டிருந்தார். வணக்கம்கூட வைத்தார்.

காலை 7.10. தியாகதுருகத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் படுத்திருந்தது. இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் மறியல் நடந்துகொண்டிருந்த எண்பதுகளின் பிற்பகுதி அது. மரத்தின்மேல் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடு ரோட்டில் கல் கூட்டி ஒரு அண்டாவில் சோறு கொதித்தது. அவசரமே இல்லாத முகங்கள். எத்தனை நாளானாலும் இருப்போம் என்று அந்த அண்டா சொன்னது.

“எறங்கிக்கங்க. இதுக்குமேல வண்டி போவாது,” என்றார் கண்டக்டர்.

கூடையோடு மரத்தில் ஏறி அந்தப் பக்கம் விழுந்தேன். குதித்தேன் என்று எழுதலாம்தான், ஆனால் பார்த்தவர்கள் இருபது பேர் இருக்கிறார்கள். அங்கே காலி கேன்களோடு ஒரு பால் வேன் திரும்பிக்கொண்டிருந்தது. டிரைவர் முனுசாமி கச்சிராயபாளையம் போகிறவர். ஐந்து ரூபாய் பேசி ஏறிக்கொண்டேன்.

காலை 8.30. கள்ளக்குறிச்சிக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது அடுத்த மறியல்.

“பால் வண்டி போலாம்,” என்றார் தோளில் துண்டு போட்டிருந்த ஒருவர். “ஆளு எறங்கு.”

“அவசரங்க,” என்றேன்.

“எங்களுக்குந்தான் அவசரம். எத்தினி வருஷமா கேட்டுகினு கீறோம். நீ ஒரு நாளு நடந்தா இன்னா கொறஞ்சிடும்?”

நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்கு முன்னால் எனக்கு எப்போதும் வியர்க்கும். வியர்த்தால் வாய் என் பேச்சைக் கேட்காது. “சாவுக்குப் போறேங்க,” என்றது.

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். துண்டுக்காரர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

“யாருங்க?”

எங்கள் சொந்தக்காரர் யாரையாவது சாகடித்திருக்கலாம். ஒருவர்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. “மலைமேல... தொரசாணிங்க. செடி வரையற அம்மா.”

“அடப்பாவமே. ஊரு வுட்டு ஊரு வந்து செத்துதா,” என்றார் அவர். பிறகு மற்றவர்களிடம் திரும்பி, “சாவுக்குப் போறவன மறிச்சா நாம மனுஷனா? வழி வுடுங்கடா,” என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வழியில் இருக்கும் மறியல்களுக்கெல்லாம் முன்கூட்டிச் சொல்ல ஒரு சைக்கிளை விரட்டினார். கள்ளக்குறிச்சி முனையில் ஒரு ரோஜா மாலையோடு இருவர் காத்திருந்தார்கள். “எங்க சார்பா போட்டுடுங்க,” என்று கையில் திணித்தார்கள். காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

முனுசாமி மாலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு, “அந்தம்மா நெசமாவே செத்துதா?” என்றார்.

“தெரியல.”

“வாய வச்சிகினு சும்மா குந்த மாட்டியாய்யா நீ? நாளைக்கும் நான் இதே ரோட்லதான வரணும்.”

காலை 11.15. கச்சிராயபாளையம். கள்ளக்குறிச்சியிலிருந்து பதினான்கு கிலோமீட்டர்தான்; ஆனால் ஒவ்வொரு மறியலிலும் நிறுத்தித் துக்கம் விசாரித்தார்கள். மலைக்குப் போகும் ஜீப் அரைமணிக்கு முன்பே போய்விட்டது. டீக்கடைக்காரர் சொன்னார்: “அதுலதான் சேதி போயிருக்குது. தொரசாணி தவறிட்டாங்களாம். நீங்க மாலையோட வந்துகினு கீறீங்களே, உங்களுக்குத் தெரியாதா?”

அடுத்த ஜீப் இரண்டு மணிக்கு. ஆள் ஒன்றுக்கு ஆறு ரூபாய். கோமுகி அணையைத் தாண்டியதும் ஏற்றம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் மாலையை வெளியே எறியப் பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் யாராவது நின்று கும்பிட்டார்கள்.

பிற்பகல் 3.30. விடுதி வாசலில் ஐம்பது பேர் நின்றிருந்தார்கள். நடுப்படியில் அறுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்கார அம்மாள் பாவாடையில் ஒட்டிய புல்முள்ளைக் கிள்ளிக்கொண்டு உயிரோடு உட்கார்ந்திருந்தார்.

நடந்தது இதுதான். அவர் விடியற்காலையிலேயே காட்டுக்குப் படம் வரையப் போயிருக்கிறார். மதியம் ஜீப்பில் சாவுச் சேதி வந்திருக்கிறது. சின்னப்பொண்ணு அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு ஓட, ஊரே பின்னால் ஓடியிருக்கிறது. ஒரு கடுக்காய் மரத்தடியில் துரைசானி குப்புறக் கிடப்பதைப் பார்த்து எல்லோரும் ஒரே குரலில் ஓலமிட, அவர் பென்சிலோடு நிமிர்ந்து, தனக்குத் தெரிந்த தமிழில், “யார் செத்தது?” என்று கேட்டிருக்கிறார்.

சின்னப்பொண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். கையெல்லாம் ஈரச் சாம்பல். என்னைப் பார்க்கவில்லை, மாலையைப் பார்த்தாள்.

“அது யாருக்குய்யா?”

சொன்னேன். பயந்தவன் உண்மை சொன்னால் ரொம்ப நேரம் ஆகும். புளியமரத்திலிருந்து ஆரம்பித்தேன்.

“எம் புருசன் செத்தப்பக்கூட நான் இவ்ளோ அழுவல,” என்றாள் அவள். “சாவுன்னு சொல்லி அணைஞ்ச அடுப்ப சொன்னவந்தான் வந்து பத்த வைக்கணும். எங்க வூட்டு வழக்கம் அது. நாளைக்குக் காலைல நீதான் ஆக்கிப் போடணும். நான் தொட மாட்டேன்.”

அன்றைய சாப்பாடு பக்கத்து வீடுகளிலிருந்து வந்தது; சாவு விழுந்த வீட்டுக்கு அப்படித்தான் வருமாம். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. தன் சாவுச் சோற்றைத் தானே இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் எனக்குத் தெரிந்து அந்த அம்மாள் ஒருவர்தான்.

வெள்ளிக்கிழமை, காலை 6.00. ஈர அடுப்பைப் பற்ற வைக்க எனக்கு முக்கால் மணி நேரமும் ஒரு முழுத் தீப்பெட்டியும் பிடித்தன. முதல் இரண்டு முட்டைகளை ஓட்டோடு வாணலியில் போட்டேன். ரொட்டியின் ஒரு பக்கம் கரி, மறுபக்கம் பச்சை. சின்னப்பொண்ணு வாசற்படியில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

“நிபுணருன்னு சொன்னாங்க,” என்றாள்.

“தட்டு தூக்கினேன்,” என்றேன். புகையில் பொய் வரவில்லை.

“கூடைல இன்னா தாளு அது?”

அதையும் சொன்னேன். எட்டு சாமான், ஒன்று குறைந்தால் வேற ஆள், புதுச் சட்டை, வணக்கம், எல்லாம்.

அவள் கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். “அப்ப நீ தொரசாணிக்குச் சாவு சொல்ல வரல,” என்றாள். “எனக்குச் சொல்ல வந்திருக்க.”

அவசரமாகக் கூடையிலிருந்து பீன்ஸ் டின்னை எடுத்தேன். “இத ஊத்திக் குடும்மா. ஒரு சாமான் ஏறிடும். பன்னியும் சாசேஜும் இருந்துதுன்னு நானே எழுதிக்கறேன்.”

“என் அடுப்புல டின்னு ஏறாது,” என்று எழுந்தாள். “இல்லாதத இருக்குன்னு எழுதி எனக்கு ஒண்ணும் ஆவ வேணாம். நெருப்பு புடிச்சிகிச்சில்ல, தள்ளு.”

அதன் பிறகு நடந்ததை ஒரு நிபுணனாக அல்ல, ஒரு மூலையில் ஒதுங்கி நின்றவனாகச் சொல்கிறேன். நாட்டுக்கோழி முட்டை இரண்டு, மஞ்சள் கரு உடையாமல். தக்காளியை இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கம் கீழே. முந்தாநாள் மழைக்கு முளைத்த காளான். என் ரொட்டியில் பிழைத்த பாகம், எண்ணெயில். கடைசியாக, ஒரு வாழையிலையை விரித்து, ஆட்டுக் குடலில் அடைத்து அவித்த ஒரு கறுப்புச் சுருளை எடுத்தாள். விரல் கனத்துக்கு வட்டம் வட்டமாக அரிந்து வாணலியில் போட்டாள்.

“ரத்தமா?” என்றேன்.

“ரத்தம், சாமை நொய்யி, வெங்காயம், மொளகு. நான் எனக்குப் பொரிச்சிகினு இருந்தேன். வாசன புடிச்சிகினு தொரசாணி உள்ள வந்துச்சு. அவங்க ஊர்ல இதுல வாற்கோதும போடுவாங்களாம். அதுக்கு நான் எங்க போவேன்? சாமையப் போட்டேன்.”

அந்த மொறுமொறுப்பின் வாசனையில் என் கிளப் வந்து நின்றது. அங்கே ஒரு பெரியவர் தினமும் இந்தக் கறுப்பு வட்டத்தைக் கேட்பார். இல்லையென்றால் தட்டைத் தள்ளிவிடுவார். நான் அப்படியே தூக்கிக்கொண்டு போவேன். சமையல்காரனுக்குத் தெரியாத ஒன்று தட்டு தூக்குகிறவனுக்குத் தெரியும்: எது வழித்துச் சாப்பிடப்படுகிறது, எது மிச்சமாகித் திரும்பி வருகிறது. ஒன்பது வருஷத்தில் டின் பீன்ஸ் திரும்பி வராத நாள் குறைவு. கறுப்பு வட்டம் திரும்பி வந்ததே இல்லை. அதிகாரியின் பட்டியலில் அது இல்லவே இல்லை.

7.30. தட்டை நான்தான் கொண்டு போனேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். துரைசானியிடம் பட்டியலைக் காட்டி, என் கிளப் இங்கிலீஷில் சங்கதியைச் சொன்னேன். அவர் அதைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். தன் தாய் வீட்டில் காலையில் பீன்ஸைப் பார்த்ததே இல்லை என்றார். பன்றி இறைச்சி காசு இருந்த வாரம் உண்டு, இல்லாத வாரம் இல்லை. எல்லாம் ஒரே தட்டில், ஒரே நேரத்தில், சூடாக வரவேண்டும். இந்தக் கறுப்பு இல்லாவிட்டால் அப்பா நாற்காலியை இழுத்தே போட மாட்டார் என்றார். அதற்குமேல் பேச அவருக்கு நேரமில்லை. தட்டு ஆறிக்கொண்டிருந்தது.

தட்டு திரும்பி வந்தபோது அதில் ரொட்டித் துணுக்குக்கூட இல்லை. சின்னப்பொண்ணு அதைப் பார்க்கவே இல்லை. அவளுக்கு அது தினமும் நடப்பது.

பட்டியலின் மீது குறுக்கே ஒரு கோடு போட்டேன். கோடு கொஞ்சம் மலைப்பாதை மாதிரி போனது. அடியில் எழுதினேன்: ‘மேற்படி பட்டியல் தவறு. முக்கியமான சாமான் இதில் இல்லை. சின்னப்பொண்ணு சமையலில் இருக்கிறது. அவர் செய்வது அசல். இப்படிக்கு, ஆங்கில உணவு நிபுணர்.’ துரைசானி அதன் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். சின்னப்பொண்ணு படித்துக் காட்டச் சொன்னாள். “நிபுணரா?” என்று ஒரு தடவை கேட்டுச் சிரித்தாள். பிறகு ரோஜா மாலையை எடுத்து என் கழுத்தில் போட்டாள். “யாருக்காவது போட்டுத்தான ஆவணும்.”

மாலை 4.00. மலையிலிருந்து ஜீப்பில் இறங்கினால் முனுசாமி, அதே பால் வேன், இப்போது நிறைந்த கேன்கள். அதே மறியல். துண்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னாங்க, மாலை உங்க கழுத்துல கீது?”

இந்த முறை வியர்க்கவில்லை. நேற்று சொன்னது பொய் என்றேன். ஏன் போனேன், என்ன எழுதினேன் என்பதையும் சொன்னேன். முனுசாமி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

அவர்கள் என்னை இறக்கிவிட்டார்கள். பால் வண்டி போனது. “சாவுன்னு பொய் சொன்னதுக்கு நீ நடந்துதான் போவணும்,” என்றார் துண்டுக்காரர். “அந்தப் பொண்ணுக்கு எழுதிக் குடுத்த பாரு, அதுக்குச் சாப்ட்டுப் போ.” அவர்களுடைய சோற்று அண்டா அருகே உட்கார வைத்தார்கள். கைம்மாறாகப் பீன்ஸ் டின்னைக் கொடுத்தேன். கத்தியால் திறந்து ஆளுக்கு ஒரு விரல் நக்கிப் பார்த்தார்கள்.

“இன்னாங்க இது, கெட்டுப்போன காராமணியா? இதுக்கா அந்தப் பொண்ணு வேலை போவணும்னாங்க?”

தியாகதுருகம் வரை ஒன்பது கிலோமீட்டர். மாலையைக் கழற்றாமலே நடந்தேன்.

திங்கட்கிழமை, காலை 10.30. அதிகாரி தாளை மேஜைமேல் போட்டார். புதுச் சட்டை வராந்தாவில் நின்றிருந்தது. இந்த முறை வணக்கம் இல்லை.

“பட்டியல் தப்புன்னு சொல்ல நீ யாருய்யா?”

நியாயமான கேள்வி. வாய் வழக்கம்போல என் பேச்சைக் கேட்கவில்லை.

“போர்டுல எழுதியிருக்குதுங்களே சார். அதப் படிச்சுட்டுத்தான என்னக் கூப்ட்டீங்க.”

அவர் தாளை வெகு நேரம் பார்த்தார், வெள்ளைக்காரக் கையெழுத்தை இன்னும் வெகு நேரம். பிறகு அதை ஃபைலில் சொருகினார். சின்னப்பொண்ணின் அடுப்பு எரிகிறது என்று முனுசாமி வாரம் ஒருமுறை, எரிச்சலோடு, சொல்லியனுப்புகிறார். என் மெஸ்ஸில் இன்றும் இட்லியும் பூரியும்தான். போர்டை மட்டும் நான் கழற்றவில்லை.