கஷ்டத்தை முதலில் சொன்ன ஜெயந்தி டீச்சர்

கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது ஜெயந்தியின் கணவர் கணேசன் போனில் கூப்பிட்டார். நல்ல மழை. ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். "சார், ஜெயந்தி நம்மளை விட்டுட்டுப் போயிட்டா" என்றார். காலையில் விளக்கேற்றிவிட்டு எழுந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. நான் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. "இன்னைக்கு டிரயல் அலாட்மென்ட் வருதே" என்றேன். அந்த மனிதர் அதற்கும் பொறுமையாக, "ஆமா சார், நேத்திக்கும் அதைப் பத்தித்தான் பேசிண்டிருந்தா" என்றார்.

ஜெயந்திக்கு நாற்பத்தேழு வயது. எனக்கு எட்டு வயது இளையவர். எனக்கு அவர் எழுத வேண்டிய அஞ்சலி இது. வரிசை மாறிப்போனதில் எனக்கு வருத்தத்தைவிடக் கோபம்தான் அதிகம். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததால் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பெரும்பாலோர் எங்கள் கல்லூரியில் நிலவியல், அதாவது ஜியாலஜி, பட்டப்படிப்பு படித்தவர்கள். ஜெயந்தி டீச்சரை வகுப்பில் பார்த்தவர்கள். நான் பதினாறு வருடம் அவரோடு ஒரே அறையில் உட்கார்ந்தவன். துறைத் தலைவர் என்ற பலகை என் மேஜையில் இருந்தது. துறை அவர் மேஜையில் இருந்தது. இதை அவர் இருக்கும்போதே சொல்லியிருக்கலாம். நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு வாய் மட்டும் நீளம், நல்லதைச் சொல்லும்போது மட்டும் அது குறுகிவிடும்.

ஜியாலஜியைத் தேடி வருகிறவர்கள் குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். பிளஸ் டூ முடித்த பிள்ளை பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் தனக்கு வேண்டிய படிப்புகளை வரிசையாக எழுத வேண்டும். பெரும்பாலோர் கணிதம், வேதியியல், காமர்ஸ் எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் இடம் மிச்சமிருக்கிறதே என்று ஜியாலஜியையும் சேர்ப்பார்கள். மேலே எழுதியது கிடைத்துவிட்டால் கீழே உள்ளதெல்லாம் தானாகவே ரத்தாகிவிடும். ஆகவே வரிசையில்தான் எல்லாம் இருக்கிறது. யாருக்கு எது கிடைக்கும் என்று காட்ட முதலில் ஒரு டிரயல் அலாட்மென்ட் வரும். அதைப் பார்த்துவிட்டு வரிசையை மாற்றிக்கொள்ள இரண்டு மூன்று நாள் கொடுப்பார்கள். மற்றத் துறைக்காரர்கள் அந்த நாட்களில் வாசலில் நின்று பிள்ளைகளை அழைப்பார்கள். ஜெயந்தியோ அந்தப் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை மழையில் மலையடிவாரத்து வித்துராவுக்குக் கூட்டிக்கொண்டு போவார்.

வித்துராவைத் தாண்டிப் பொன்முடிச் சாலையில் ஒரு கைவிட்ட குவாரி. அங்கே பிள்ளைகளையும் கூட வந்த அப்பா அம்மாக்களையும் நிற்க வைத்துவிட்டு அவர் பேசுகிற முதல் பேச்சு எனக்கு மனப்பாடம். மலையாளத்தில்தான் பேசுவார், தமிழ்ப் பிள்ளைகள் இருந்தால் ஸ்ரீவராகம் அக்ரகாரத்துத் தமிழில் அதையே திரும்பச் சொல்வார். "பாத்ரூம் கிடையாது. அட்டை உண்டு, இப்பவே உங்க கால்ல ஏறிண்டிருக்கும். டிகிரி மட்டும் போறாது, மேலயும் படிக்கணும், பரீட்சை எழுதணும். வேலை கிடைச்சா வீட்டை விட்டுத் தூரமாப் போகணும். இதெல்லாம் செரின்னா மட்டும் சுத்தியலைக் கையில எடுங்கோ."

பாதிப் பேர் கைகட்டி நிற்பார்கள். சிலர் எடுப்பார்கள். எடுத்தவர்கள் கல்லை உடைத்ததும் உள்ளே மாதுளை விதை நிறத்தில் கார்னெட் மணிகள் தெரியும். அப்போது ஜெயந்தி கிட்டே போய், "இந்தப் பக்கத்தை இதுக்கு முன்னாடி உலகத்துல ஒருத்தரும் பார்த்ததில்லை. நீதான் முதல்" என்பார். சொல்லும்போது அவர் முகத்தையும் பார்க்க வேண்டும். பதினாறு வருடமாக அதே வாக்கியம், ஒரு முறைகூட ஒப்பித்ததுபோல் இருந்ததில்லை.

ஏன் இந்த வம்பு என்று ஒரு நாள் கேட்டேன். அவருடைய வீட்டில் எல்லோரும் பி.காம், பாங்க் என்று போனவர்கள். கணக்கு அதிகம் வராத சயன்ஸ் என்று யாரோ சொன்னதை நம்பி அவர் ஜியாலஜியில் சேர்ந்திருக்கிறார். "முதல் ஃபீல்டு டிரிப்புல பாத்ரூம் எங்கேன்னு கேக்க வெக்கப்பட்டுண்டு நாள் முழுக்கத் தண்ணியே குடிக்காம இருந்தேன் சாரே. சாயங்காலம் மயங்கி விழுந்தேன். பிடிச்சுப்போச்சு, அதனால தங்கினேன். பிடிக்காம போயிருந்தா? எனக்கு ஒருத்தராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம், கேட்டேளா" என்றார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

கேட்கவில்லையே தவிர எனக்கு உடன்பாடும் இல்லை. அந்த வருடம் மேலேயிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. இடங்கள் தொடர்ந்து காலியாகக் கிடந்தால் படிப்பையே நிறுத்த வேண்டிவரும் என்று. நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஜெயந்தியிடம் சண்டைக்குப் போனேன். "டீச்சரே, கடைக்கு வர்ற ஆளை வாசல்லயே நிறுத்திச் சாமான்ல என்னென்ன சொத்தைன்னு சொல்லுகது நீங்க ஒருத்தர்தான். இந்த வருஷம் அந்த ஞாயித்துக்கிழமையை விட்டிருங்க" என்றேன். அவர் கடிதத்தைப் படித்து, மடித்து, என்னிடமே கொடுத்துவிட்டு, "பொய் சொல்லி எடுத்த பிள்ளை நம்ம கிளாஸ்ல உக்காந்துண்டு நம்மளையே பாத்துண்டிருக்கும் சாரே. என்னால அந்தக் கிளாஸ் எடுக்க முடியாது" என்றார். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் பஸ் ஏறினார்.

நான் என்ன செய்தேன் என்பதை அவர் கடைசிவரை வெளியே சொல்லவில்லை. ஆகவே நான் சொல்கிறேன்.

அதே வாரம் ஒரு அப்பா தன் மகளோடு என்னிடம் வந்தார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். மகள் முத்துலட்சுமிக்கு நல்ல மார்க். அவளுடைய வரிசையில் கணிதம் முதலில், ஜியாலஜி மூன்றாவது. "எதைப் படிச்சா வேலை உறுதி சார்?" என்று அவர் கேட்டார். ஜியாலஜி என்றேன். "படிப்பு முடியட்டும், வேலை உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கும்" என்றேன். வித்துராவுக்குப் போக வேண்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள். இவ்வளவு மார்க் வாங்கியவளுக்கு அது தேவையில்லை என்று சொல்லி, என் கம்ப்யூட்டரிலேயே உட்கார வைத்து வரிசையை மாற்ற வைத்தேன். ஜியாலஜி முதலில் ஏறியது. அதுவே அவளுக்குக் கிடைத்தது. கணிதமும் கிடைத்திருக்கும், ஆனால் அது கீழே இருந்ததால் ரத்தாகிவிட்டது.

ஒரு இடம் நிரம்பியது என்று அன்றைக்கு எனக்கு சந்தோஷம். நவம்பரில் அந்தப் பெண் லேபில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். பாறையும் பிடிக்கவில்லை, மலையும் பிடிக்கவில்லை, பக்கத்து வகுப்பில் கணிதம் நடத்துவது ஜன்னல் வழியாகக் கேட்கும்போதெல்லாம் எழுந்து அங்கே போய்விடலாம் போலிருக்கிறது என்று ஜெயந்தியிடம் சொல்லியிருக்கிறாள். யார் சொல்லி வரிசையை மாற்றினாய் என்று அவர் கேட்க, என் பெயர் வந்தது.

ஜெயந்தி என்னிடம் சத்தம் போடவில்லை. "நாளைக்கு அவ அப்பாவைப் பார்க்கப் போறோம். நானும் வரேன். ஆனா சொல்ல வேண்டியது நீங்கதான்" என்றார். போனோம். ஹோட்டலின் பின்பக்கம், மாவுப் பலகைக்கு முன்னால் நின்று, நான் சொன்ன உறுதி பொய் என்றும், உங்கள் பெண்ணுக்குப் பிடித்த படிப்பு என்னால் போயிற்று என்றும், மறுபடி கணிதத்தில் சேர்ந்தால் ஒரு வருடம் வீணாகும் என்றும் சொன்னேன். அவர் கையில் மாவோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க எதுக்கு சார் இம்புட்டுத் தூரம் வந்து சொல்லுதீய? எம்பிள்ளை நல்லா இருக்கணும்னுதான சொல்லிருப்பீய" என்றார்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஆமாம் என்று தலையாட்டக்கூடச் செய்தேன். ஜெயந்தி இடைமறித்தார். "இல்லை அண்ணா. எங்க கோர்ஸ் நிக்கணும்னு சொன்னார். உங்க பொண்ணுக்காகச் சொல்லலை."

அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்குத் தைரியம் இல்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, டீ குடித்துவிட்டுப் போங்கள் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜெயந்தியும் நானும் தனித்தனி சீட்டில் உட்கார்ந்தோம். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. என் கௌரவத்தை ஒரு சமையலறையில் வைத்து உடைத்துவிட்டார் என்று வீட்டில் புலம்பினேன். என் மனைவி, "உடைச்சது அவளா, நீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். முத்துலட்சுமி அடுத்த வருடம் வேறு கல்லூரியில் கணிதம் சேர்ந்தாள். சேருவதற்கான காகிதங்கள் அத்தனையையும் ஜெயந்திதான் அலைந்து வாங்கிக் கொடுத்தார். இன்றைக்கு அந்தப் பெண் எம்.எஸ்ஸி. முடித்துப் பாடம் நடத்துகிறாள்.

படிப்பை நிறுத்துவதா வேண்டாமா என்று பார்க்கக் குழு வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. அப்போது நான் ஜெயந்தியின் ஞாயிற்றுக்கிழமைக்குக் குறுக்கே நிற்பதை விட்டிருந்தேன். முதல் வருட வகுப்பில் பத்தொன்பது பேர்தான் இருந்தார்கள், பாதி பெஞ்சு காலி. குழுவின் தலைவர் அதைப் பார்த்துவிட்டு, இதற்கு ஒரு துறை எதற்கு என்று என்னைக் கேட்டார். ஜெயந்தி இரண்டு வருகைப் பதிவேடுகளை மேஜையில் வைத்தார், ஒன்று ஜூலை மாதத்தது, ஒன்று பிப்ரவரியினது. "சேர்ந்தவா பத்தொன்பது பேர் சார். இன்னிக்கு இருக்கறவாளும் அதே பத்தொன்பது பேர்" என்றார்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஜூலையில் நிரம்பி வழியும் எத்தனையோ வகுப்புகள், இன்ஜினியரிங்கும் நர்சிங்கும் அழைத்த பிறகு ஓணத்துக்குள் பாதியாகிவிடும். ஒருவர்கூடப் போகாத வகுப்பை அந்தத் தலைவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. பிள்ளைகளைக் கூப்பிட்டு, இதில் கஷ்டம் என்ன என்று கேட்டார். ஒரு பெண் எழுந்து, பாத்ரூம், அட்டை, பரீட்சை, தூரம் என்று விரல் மடக்கிச் சொன்னாள். தெரிந்துமா சேர்ந்தாய் என்று கேட்டார். "தெரிஞ்சதாலதான் சார்" என்றாள். நான் அன்றைக்கு அந்த அறையில் நின்ற நிமிர்வுக்கு எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனாலும் நிமிர்ந்துதான் நின்றேன். அந்தப் பத்தொன்பது பேரும் என் துறைப் பிள்ளைகள், அவர்களைச் சேர்த்தவர் என் துறை டீச்சர். படிப்பு நின்றுபோகவில்லை. இப்போது நான்கு வருடப் பட்டமாக நடக்கிறது. நீங்கள் எல்லோரும் அந்தக் குவாரி வழியாக வந்தவர்கள்தான்.

ஜெயந்தியைத் தகனம் செய்தது வியாழக்கிழமை. ஞாயிறு வித்துரா. இந்த வருடம் வேண்டாம் என்று நினைத்தேன். கணேசன்தான், "பசங்க கிட்ட வரச் சொல்லியாச்சு சார், அவ சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்" என்றார். பதினோரு பிள்ளைகள், அப்பா அம்மாக்களோடு வந்திருந்தார்கள். மழையும் வந்தது. குவாரியில் நின்று பாத்ரூமிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜெயந்தியைப்போல் வரவில்லை. நெடுமங்காட்டிலிருந்து வந்த ஒரு அம்மா குடையை மடக்கிவிட்டு, "சாரே, படிச்சு கழிஞ்ஞால் ஜோலி உறப்பாணோ?" என்று கேட்டார். படித்தால் வேலை உறுதியா என்று பரோட்டா மாஸ்டர் கேட்ட அதே கேள்வி, மலையாளத்தில்.

உறுதி இல்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல், உறுதி என்று நான் ஒருமுறை பொய் சொன்னதையும், அதனால் ஒரு பெண்ணின் ஒரு வருடம் போனதையும், அதை ஏன் சொன்னேன் என்பதையும் பதினோரு குடும்பங்களுக்கும் முன்னால் சொன்னேன். அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஏழு பேர் ஜியாலஜியை வரிசையிலிருந்து எடுத்துவிடுவதாகச் சொல்லி முதல் பஸ்ஸிலேயே திரும்பிப் போனார்கள். அந்த அம்மாவின் மகளும் அந்த ஏழில் ஒருத்தி.

நான்கு பேர் மழையில் நின்றார்கள். பழைய நானாக இருந்தால் அந்த பஸ்ஸுக்குப் பின்னால் ஓடியிருப்பேன். அன்றைக்கு பஸ் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். இடம் காலியாகக் கிடக்குமே என்ற பயம் எனக்குத் துளிகூட வரவில்லை. ஜெயந்தியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தப் பயமின்மை ஒன்றுதான். பிறகு திரும்பி, அந்த நான்கு பேர் கையிலும் சுத்தியலைக் கொடுத்தேன்.