வழுக்காத தரை

குடும்பத்தில் அவளுக்குப் பெயர் சின்னவள். வீட்டின் இரண்டு மருமகள்களில் அவள் இளையவள். ஐம்பத்தெட்டு வயதான பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. பெரிய மருத்துவமனை ஒன்றில், துணி வெளுக்கும் இடத்துக்கு அடுத்த அறையில், இருபத்தெட்டு வருஷம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கிழிந்த படுக்கை விரிப்பு, நாடா அறுந்த ஆபரேஷன் அங்கி, ஓரம் பிரிந்த தலையணை உறை எல்லாம் அவள் கைக்கு வந்துதான் வார்டுக்குத் திரும்பும்.

ஓய்வு பெற்ற மறுமாதமே மகள் அவளை ஒரு டூரில் சேர்த்துவிட்டாள். ஐந்து நாள், பஸ், அறை, சாப்பாடு அடக்கம். பழங்கால நகரங்களின் இடிபாடுகள். இருக்கிற டூர்களிலேயே மலிவானது. விளம்பரத்தைக் குடும்ப வாட்ஸப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். அதை ஓரகத்தி பெரியவளும்தான் பார்த்திருப்பாள் என்று தாய்க்கும் தோன்றவில்லை, மகளுக்கும் தோன்றவில்லை.

பஸ்ஸில் ஏறினால் மூன்றாவது வரிசை ஜன்னலோரம் பெரியவள். இருவரும் முகம் பார்த்துப் பேசி ஒன்பது வருஷமாகிறது. கல்யாண மண்டபத்தில் ஒருத்தி முன்வரிசை என்றால் மற்றவள் பின்வாசல் பக்கம். அப்படியே காலத்தை ஓட்டியிருந்தார்கள். இங்கே தனியாக வந்த பெண்களை இரண்டிரண்டு பேராக ஒரே அறையில் போட்டிருந்தது டூர் அலுவலகம். கைடு பட்டியலை வாசித்தபோது சின்னவளுக்கும் பெரியவளுக்கும் ஒரே அறை. அறையை மாற்றித் தரும்படி சின்னவள் அவனிடம் தனியாகப் போய்க் கேட்டாள்.

"மாத்தணும்னா டிரைவரோட அறைதான் இருக்கு மேடம்," என்றான் அவன். குறட்டை பலமாக இருக்கும் என்றும் சொன்னான்.

பேச்சு நின்றது மாமியார் விஷயத்தில். எல்லோரும் ஒரே வீட்டில் இருந்த காலம் அது. பெரியவள் மாடியில், சின்னவளும் மாமியாரும் கீழே. ஒருநாள் சின்னவள் அவசர அவசரமாகக் குளித்துவிட்டு ஏழு மணி ஷிப்டுக்கு ஓடினாள். ஒன்பது மணிக்கு மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இரண்டு மாதம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார். அந்த முதல் நாளே, ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும், தண்ணீரைக் கொட்டிவிட்டு வயசானவளைத் தனியாக விட்டுப் போய்விட்டாள் என்று பெரியவள் சொன்னாள். சின்னவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தான் குளித்த தண்ணீர்தானோ என்று அவளுக்கே சந்தேகம்.

டூர் மலிவுக்கு ஏற்றபடி இருந்தது. ஏசி காற்றைத் தராமல் தண்ணீரைச் சொட்டியது. முதல் நாள் இரண்டாயிரம் வருஷத்து நகரத்துக்கு இருபது நிமிஷம் கொடுத்தார்கள், வழியில் இருந்த கம்பளக் கடைக்கு ஒன்றரை மணி நேரம். கடையில் ஒருவரும் ஒன்றும் வாங்காததால் கைடு மாலை வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அறையிலோ பெரியவள் சுவரைப் பார்த்துத்தான் பேசினாள்: சாவி மேஜையில் இருக்கிறது, வெந்நீர் வரவில்லை. சின்னவள் அதே சுவருக்குப் பதில் சொன்னாள்.

இரண்டாம் நாள் ஒரு கல் அரங்கம். அரைவட்டமாக அறுபது படிகள். கைடு கீழே நடுவில் நின்று ஒரு காகிதத்தைக் கிழித்தான். உச்சிப் படியில் உட்கார்ந்திருந்த சின்னவளுக்கு அது காதோரம் துணி கிழிபடும் சத்தமாகக் கேட்டது. தன்னை மறந்து, "கேட்டுச்சா?" என்று பக்கத்தில் திரும்பினாள். பக்கத்தில் இருந்தவள் பெரியவள். அவளும் தலையை ஆட்டிவிட்டாள். பிறகு இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் காலையில் சின்னவள் குளித்துவிட்டு, வழக்கம்போல, கதவைத் திறந்து வைத்து முட்டி போட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை ஈரத்துணி, இரண்டுமுறை உலர்ந்த துணி. கட்டிலில் இருந்து பெரியவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று சாப்பாட்டு மேஜையில் அவள் ரொட்டியைத் தொடவில்லை.

அன்றைய இடம் ஒரு பழைய பொதுக் குளியல் கூடம். கூரை போய்விட்டது, தரை மட்டும் அப்படியே கிடந்தது. நனைந்த காலுக்குப் பிடிப்பு இருக்கட்டும் என்றுதான் கல்லில் குறுக்கும் நெடுக்கும் வரி வெட்டியிருக்கிறார்கள் என்று கைடு விளக்கினான். கூட்டம் அடுத்த அறைக்கு நகர்ந்தது. பெரியவள் நகரவில்லை.

"கொஞ்சம் நில்லு," என்றாள். ஒன்பது வருஷத்தில் முகம் பார்த்துச் சொன்ன முதல் பேச்சு. "அன்னைக்கு நீ போனப்புறம் நான் கீழ வந்து துணி தொவச்சேன். சோப்புத் தண்ணிய அப்படியே விட்டுட்டு மாடிக்குப் போயிட்டேன். அத்தை விழுந்தது அதுலதான்."

சின்னவள் குனிந்தாள். தரையில் இருந்த வரிகளையே பார்த்தாள்.

"நான் குளிச்ச தண்ணின்னு நெனச்சேன்க்கா," என்றாள். "இத்தன வருஷமும்."

"தெரியும். ரெண்டு நாளா நீ தரையத் துடைக்கறதப் பாத்துட்டுத்தான இருக்கேன். யாராவது என்னைக் கேக்கறதுக்கு முன்னாடி உன்னைச் சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம் திருப்பி எடுக்க வாய் வரல."

தோளில் இருந்து மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போலிருந்தது சின்னவளுக்கு. அந்த லேசு பஸ் ஏறும் வரைதான். உட்கார்ந்ததும் கோபம் வந்தது, காது மடல் சுடும் அளவுக்கு. பெரியவளின் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். எத்தனை விசேஷங்களில் பின்வாசல் பக்கம் நின்றிருக்கிறாள் என்று எண்ணிப் பார்த்து அழுதாள். ஆனால் அந்த அழுகைக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. நான் இல்லை, நான் இல்லை என்று உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அது உண்மையாகவே இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்திய இடத்தில் பெரியவள் செல்போனை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும் என்றாள். குடும்பக் குழுவில் குரல் பதிவு போட்டாள். நடுவில் இரண்டு தடவை குரல் உடைந்தது. அழித்துவிட்டு மறுபடி பேசவில்லை. உடைந்தபடியே அனுப்பினாள்.

ஐந்தே நிமிஷத்தில் சின்னவளின் கணவர் கூப்பிட்டார். இந்த விஷயத்தில் இதுவரை மனைவியை ஒன்றும் சொல்லாதவர், ஒன்றும் கேட்காதவர். "நான் அன்னைக்கே உன் பக்கம் பேசியிருக்கணும்," என்றார். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டார்.

சின்னவள் சாப்பிட்டாள், நன்றாகவே. பெரியவளின் தட்டு தொடாமல் இருந்ததைப் பார்த்து அதை அவள் பக்கம் நகர்த்தி, "சாப்பிடுக்கா, பஸ் எடுத்துருவான்," என்றாள். மன்னித்துவிட்டாளா என்று அவளுக்கே தெரியாது. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

அடுத்தது டூரிலேயே பேர் போன இடம். மலையுச்சிக் கோட்டை, அதற்காகவே பாதிப் பேர் வந்திருந்தார்கள். பஸ் நின்றபோது சின்னவள் ஜன்னலில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வந்த கைடைப் பெரியவள் கையமர்த்தினாள். கோட்டைக்கு அவளும் போகவில்லை. முகத்தில் வெயில் விழாதபடி ஜன்னல் திரையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கூட்டம் இறங்கி வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.