இழுத்துப் பார்க்காத வயர்

பேசிக்கொண்டே என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுக்கிறார். "நூல் விட்டிருக்கு சார். பாத்தா தெரியாது. இழுத்தாத்தான் தெரியும்." பொத்தான் அவர் கையோடு வந்துவிடுகிறது. பெரிய உதவி செய்தவர் போல அதை என்னிடம் நீட்டுகிறார்.

அடுத்த வீட்டுக்காரர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வாரம் முழுக்க ஊராரின் பார்வையைத் திருத்திக் கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை, "கண்ண மட்டும் நம்பாதீங்க" என்பார். கொடிக்கயிறு, குழாய், கேட்டின் தாழ்ப்பாள் எதையும் இழுத்துப் பார்க்காமல் தாண்டமாட்டார். அவர் வீட்டில் கைப்பிடியுள்ள பாத்திரங்கள் குறைவு.

ஞாயிறென்றால் கார் ஷெட். உள்ளே அவரைவிட வயதில் மூத்த ஒரு கார். சாவியைத் திருப்பினால் முனகல்கூட வராது. விளக்கு எரியாது, ஹாரன் அடிக்காது. இப்படி மொத்தமாகப் படுத்துவிட்டால் முதலில் யாரைச் சந்தேகிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்தவரே அவர்தான். பேட்டரிக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு லிங்க் வயர் இருக்கும். மற்ற வயர்களைவிட வேண்டுமென்றே மெலிதாகப் போட்டது. கரண்ட் எகிறினால் அது முதலில் உருகி மற்றவற்றைக் காப்பாற்றும். "உள்ள கம்பி செத்திருக்கும். மேல தோலு புதுமாப்பிள்ள மாதிரி பளபளன்னு இருக்கும். லேசா இழுங்க. ரப்பர் மாதிரி நீண்டா ஆள் காலி." மாற்றுவதற்கு ஒரு டீ குடிக்கிற நேரம் போதுமாம்.

அவரோ தேடலைப் பின்விளக்கில் தொடங்குகிறார். கரண்ட் வருகிறதா என்று காட்டும் டெஸ்ட் லாம்பைப் பிடித்துக்கொண்டு வயர் வயராக இழுத்தபடி முன்னால் நகர்வார். டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து ரேடியோ கேட்பார். பேட்டரியை நெருங்கும்போது சரியாகச் சாப்பாட்டு வேளை வந்துவிடும். அடுத்த ஞாயிறு, மறுபடி பின்விளக்கு.

"கார் ஓட ஆரம்பிச்சதும் உனக்குத்தான் மாப்ள" என்று மனைவியின் தம்பிக்கு ஒரு விருந்தில் வாக்குக் கொடுத்திருக்கிறார். வயிறு நிறைந்திருந்த நேரம். அவர் மனைவி அதை மறப்பதாயில்லை.

"ஓட்டவும் மாட்டீங்க, குடுக்கவும் மாட்டீங்க. என் தம்பி எவ்வளவு காலம் பஸ்ஸுல தொங்குவான்?"

"ஃபால்ட் கெடைக்கணும்ல? கெடைச்ச நிமிஷம் சாவி அவன் கையில."

"ஃபால்ட் கார்ல இல்ல" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் உள்ளே போய்விடுவார்.

போன ஞாயிறு தம்பியே வந்துவிட்டார். வந்தவர் பானெட்டைத் தூக்கினார். அதுவரை பின்விளக்கோடு குந்தியிருந்த கண்ணாடிக்கடைக்காரர், அந்தச் சத்தம் கேட்டு டார்ச்சும் கையுமாக முன்னால் வந்தார்.

"அத்தான், இந்த லிங்க் வயரப் பாத்தீங்களா?"

"பாத்தேன் பாத்தேன். புதுசு மாதிரி இருக்கு பாரு."

"பாத்தா தெரியாதுன்னு நீங்கதான சொல்வீங்க? இழுத்துடவா?"

தம்பியின் இரண்டு விரல்கள் வயரை நோக்கி இறங்கின.

"அவசரப்படக் கூடாது மாப்ள. பின்னாடியிருந்துதான் வரணும், அதான் முறை." கண்ணாடிக்கடைக்காரர் அந்தக் கையைப் பிரியமாகப் பிடித்து, உள்ளங்கையில் டார்ச்சை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கிவிட்டார்.